சொந்தப் பாவனைக்கு

வரி இல்லை என்ற சொல் காதில் விழுந்தால் என் கணவர் சிவபாதசுந்தரத்துக்கு முகம் மலர்ந்துவிடும். மகள் பிறந்த செய்தியைக் கேட்டபோதுகூட அவ்வளவு மலரவில்லை. அரசாங்கத்தில் நில அளவையாளராக இருந்து ஓய்வு பெற்றவர். அரசாங்கத்தின் சம்பளத்தில் வீடு நடத்தியவர், இப்போது அரசாங்கத்தின் ஓய்வூதியத்தில் நடத்துகிறவர். ஆனால் அதே அரசாங்கத்துக்கு ஒரு சதம் கொடுக்க வேண்டுமென்றால் பல்லைப் பிடுங்கக் கூப்பிட்ட மாதிரி முகத்தை வைத்துக்கொள்வார். ஓமந்தையில் இருக்கும் என் சீதனக் காணியில் நிற்கிற தேக்கை வெட்டலாம், சொந்தப் பாவனைக்கு என்றால் வரியே கட்டத் தேவையில்லை என்று யாரோ கோயிலில் வைத்துச் சொன்ன நாளிலிருந்து மனிதருக்குக் கால் நிலத்தில் படவில்லை.

"இஞ்சேர் அருந்ததி, காணி உன்ர பெயரில. மரமும் உன்ர. நீ ஒரு கையெழுத்து வைச்சால் காணும், மிச்சத்தை நான் பாப்பன்."

"எங்களுக்கு எதுக்கு மரம்? இந்த பிளாட்டுக்குள்ள கொண்டுவந்து எங்க வைக்கிறது, கட்டிலிலயோ?"

"மிதுனாவின்ர வீட்டுக்குக் கதவு போடுவம். இருக்கிற கதவைக் கறையான் திண்டு முடிச்சிட்டுது எண்டு போன கிழமை நீதானே அழுதனீ."

அழவில்லை, சொன்னேன். ஆனால் சொன்னது உண்மை. மிதுனா எங்கள் ஒரே பிள்ளை. கணினிக் கம்பனியில் வேலை செய்யும் கிஷாந்துக்கு அவளைக் கட்டிக்கொடுத்தபோது, ஹெவ்லொக் டவுனில் இருந்த சின்னத் தொடர்மாடி வீட்டை அவள் பெயரில் எழுதினோம். எங்கள் ஆட்களில் வீடு பெண்ணோடுதான் போகும். மாப்பிள்ளை சூட்கேசோடு வந்து இறங்குவார். யாழ்ப்பாணத்தை விட்டுக் கொழும்புக்கு வந்து எத்தனையையோ கைவிட்டுவிட்டோம், இதை மட்டும் விடவில்லை. போன வருடம் அந்தத் தொடர்மாடி வீட்டை விற்று, தெஹிவளையில் கடற்கரைக்குப் போகும் ஒழுங்கையில் ஒரு பழைய தனிவீடு வாங்கினார்கள். நிலம் நல்லது, சுவர் நல்லது, கதவுகள்தான் தொட்டால் உதிர்ந்தன.

அந்தத் தொடர்மாடி வீட்டைத்தான் அவளுக்கு எங்களால் கொடுக்க முடிந்தது. ஓமந்தைக் காணியையும் நாங்கள் இருக்கிற பிளாட்டையும் விட்டால் எங்களிடம் வேறொன்றும் இல்லை. பிள்ளையை நினைத்து எனக்கு மனம் குழம்பும்போதெல்லாம், என்ன வந்தாலும் அவளுக்கென்று நாலு சுவர் இருக்கிறது என்று எனக்கே சொல்லிக்கொள்வேன்.

விண்ணப்பத்தில், வெட்டிய மரம் காணிச் சொந்தக்காரரின் வீட்டிலேயே பாவிக்கப்படும் என்று உறுதி சொல்ல வேண்டியிருந்தது. விற்கக் கூடாது, வெளி ஆட்களுக்குக் கொடுக்கவும் கூடாது. அந்த இடத்தில் இவர் எங்கள் வெள்ளவத்தை விலாசத்தை எழுதினார்.

"கதவு தெஹிவளைக்கெல்லோ போகுது?" என்றேன்.

"மகளின்ர வீடு ஆற்ற வீடு? எங்கட வீடுதானே!"

அதில் எனக்கும் குறை தெரியவில்லை. இந்த ஊரில் எந்த யாழ்ப்பாணத்துத் தாயைக் கேட்டாலும் மகளின் வீட்டை எங்கட வீடு என்றுதான் சொல்வாள். கையெழுத்துப் போட்டேன். தேக்கு லொறியில் வந்து கொட்டாஞ்சேனையில் ஜீவராஜின் பட்டறையில் இறங்கியது. ஜீவராஜ் மலையகத்திலிருந்து வந்து கொழும்பில் தச்சுவேலை செய்கிறவர், நாங்கள் பாஸ் என்று கூப்பிடுவோம். கனமான, இரட்டைப் பலகை வைத்த கதவுகளாகச் செய்து கொண்டுபோய்ப் பொருத்தினார். சாத்தினால் ஒழுங்கையில் போகும் மீன்காரனின் ஹோர்ன் கூட உள்ளே கேட்காது. என் மரம், என் பிள்ளையின் வாசலில். அன்றைக்கு எனக்கு இருந்த பெருமையை மறைக்க நான் முயலவுமில்லை.

அதன் பிறகுதான் வன இலாகாவிலிருந்து அந்தப் பிள்ளை வந்தாள். டில்ஷானி என்று பெயர் சொன்னாள். சிங்களப் பிள்ளை, என் மகளின் வயதுதான் இருக்கும். வாசலில் சப்பாத்தைக் கழற்றிவிட்டு உள்ளே வந்த விதத்திலேயே எனக்கு அவளைப் பிடித்துவிட்டது. சொந்தப் பாவனைக்கென்று விட்ட மரம் சொந்தப் பாவனைக்குத்தான் போனதா என்று பார்க்க வந்ததாகச் சொன்னாள். எங்கள் வீட்டை ஒரு சுற்றுப் பார்த்தாள். ஜன்னல்கள் அலுமினியம். கதவுகள் ஒட்டுப்பலகை, அடியில் உப்பி உரிந்தவை. ஒரு கதவை விரலால் தட்டிப் பார்த்துவிட்டு என் முகத்தைப் பார்த்தாள்.

என் கணவருக்கு அந்த நேரம் பார்த்து வயிற்றைக் கலக்கியது. குளியலறைக்குள் போனவர் போனவர்தான்.

"தேக்கு எங்கே நோனா?"

எனக்குத் தெரிந்த சிங்களத்தில் சொன்னேன். "அபே கெதர தெஹிவல மிஸ்." எங்கள் வீடு தெஹிவளையில்.

"அப்படியென்றால் இது?"

"இதுவும் அபே கெதரதான்."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. சிங்கள ஆட்களுக்கும் வீடென்றால் எப்போதும் 'எங்கள் வீடு' தான், 'என் வீடு' என்று வாயில் வராது. ஆனால் அவள் அரசாங்க வேலையாக வந்தவள். சிரித்துக்கொண்டே கேட்டாள்: "அபே என்றால், காகெத?"

எங்கள் என்றால், யாருடையது? ஒருவரும் என்னிடம் அதுவரை இப்படிக் கேட்டதில்லை. மகளுடையது என்றேன்.

டில்ஷானி கதிரையில் உட்கார்ந்து எனக்கு நிதானமாக விளங்கப்படுத்தினாள். விலாசத்தை மாற்றி எழுதியது பிழை. ஆனால் வீடு மகளின் பெயரில் இருந்தால், பிள்ளையும் தாயும் ஒரே குடும்பம் என்று எழுதித் தன்னால் விஷயத்தை முடிக்க முடியும். மேலே இருப்பவர்களும் ஏற்றுக்கொள்வார்கள். மருமகனின் பெயரில் மட்டும் இருந்தால் அப்படி எழுத முடியாது. அவர் சட்டத்துக்கு வெளி ஆள். வெளி ஆளுக்கு மரம் கொடுத்ததாகிவிடும். வரியும் வரும், தண்டமும் வரும், பொய் உறுதி சொன்ன குற்றம் என் தலையில் விழும்.

"அந்தப் பயமே வேண்டாம் மிஸ்," என்று நான் சிரித்தேன். "எங்கள் ஆட்களில் வீடு எப்போதும் பெண்ணின் பெயரில்தான்." அதை எவ்வளவு எடுப்பாகச் சொன்னேன் என்று நினைத்தால் இப்போதும் நெஞ்சு எரிகிறது.

கதவு செய்தவரையும் பார்க்க வேண்டும் என்றாள். ஜீவராஜுக்குச் சொல்லிவிட்டு மிதுனாவுக்குப் போன் எடுத்தேன்.

"பிள்ளை, கதவு பாக்க ஒரு ஒபிசர் வாறா. பயப்பிடாத. வீடு உன்ர பெயரில எண்டு சொன்னாச் சரியாம்."

அந்தப் பக்கத்தில் குசினிக் குழாயை மூடுகிற சத்தம் கேட்டது.

"நீங்கள் வாங்கோ அம்மா," என்றாள்.

குளியலறைக் கதவைத் தட்டி, "இஞ்சருங்கோ, வாறியளோ?" என்று கேட்டேன்.

"நீ போயிட்டு வா. உன்ர சிங்களம்தான் நல்லது," என்று உள்ளேயிருந்து பதில் வந்தது.

டில்ஷானியும் நானும் ஓட்டோவில் போய் இறங்கினோம். கிஷாந்துக்கு வீட்டிலிருந்துதான் வேலை. வாசலுக்கே வந்து, "வாங்கோ மாமி," என்று கையைப் பிடித்துக் கூட்டிப்போனார். என் மருமகனைக் குறை சொல்ல முடியாது. ஆட்களை வரவேற்கும் வித்தை தெரிந்தவர். டில்ஷானிக்குத் தேத்தண்ணி, பிஸ்கட், மின்விசிறிக்குக் கீழே கதிரை. மிதுனா குசினி வாசலில் சாய்ந்து நின்றாள். மெலிந்திருந்தாள். சாப்பிடுவதில்லையோ என்று கேட்க வாயெடுத்தேன், அதற்குள் ஜீவராஜ் வந்துவிட்டார்.

டில்ஷானியும் ஜீவராஜும் ஒவ்வொரு கதவாக அளந்தார்கள். வாசல் கதவு, அறைக் கதவுகள், குசினிக் கதவு. வெட்டிய மரத்துக்கும் கதவுகளுக்கும் கணக்குச் சரி என்றாள். ஒரு துண்டும் வெளியே போகவில்லை. எனக்கு மூச்சு வந்தது. பேனாவை எடுத்துக்கொண்டு அவள் பொதுவாகக் கேட்டாள், வீடு யாருடைய பெயரில்?

"மகளின்ர," என்றேன், ஒருவரும் வாய் திறக்குமுன்.

மிதுனா கிஷாந்தைப் பார்த்தாள். கிஷாந்த் தேத்தண்ணிக் கோப்பையைப் பார்த்தார்.

"டெக்னிக்கலா... என்ர பெயரில மாமி," என்றார். "பாங்கில லோன் எடுக்கிறதுக்கு அதுதான் லேசு எண்டு சொன்னவங்கள். அது சும்மா பேப்பரிலதானே. வீடு எங்கட வீடுதானே."

எங்கட வீடு! என் வாயில் இனித்த சொல் அவர் வாயிலிருந்து வந்தபோது கசந்தது.

"உன்ர பெயரும் இருக்குத்தானே?" என்று மகளைக் கேட்டேன்.

"இல்லை அம்மா."

"உனக்குத் தெரியுமோ?"

"தெரியும்."

"உன்ர பிளாட்டை வித்துத்தானேயடி..."

"ஓம்."

"ஏன் என்னட்டச் சொல்லேல்ல?"

எங்கள் தேசவழமைச் சட்டப்படி, கலியாணம் கட்டிய பெண் தன் சீதன வீட்டை விற்பதென்றால் புருஷனும் கையெழுத்து வைக்க வேண்டும். அந்தக் கையெழுத்தைக் கிஷாந்த் பேனாவை இறுக்கிப் பிடித்துச் சந்தோஷமாகத்தான் வைத்திருப்பார். புது வீட்டைத் தன் பெயருக்கு எழுதியபோது யாருடைய கையெழுத்தும் தேவைப்படவில்லை. எனக்குக் கோபத்தில் காது அடைத்தது. சட்டத்தின் மேலா, மருமகன் மேலா, வாய் மூடி நின்ற மகளின் மேலா என்று பிரித்துப் பார்க்க எனக்குப் பொறுமை இல்லை. எல்லார் மேலேயும்தான்.

தமிழ் தெரியாவிட்டாலும் டில்ஷானிக்கு நடப்பது விளங்கிவிட்டது. பேனாவை மூடிக்கொண்டு என்னிடம் மெல்லச் சொன்னாள், இனித் தன்னால் ஒன்றும் செய்ய ஏலாது என்று. வரியும் தண்டமும் கட்ட வேண்டும். மரத்தை வெளி ஆள் ஒருவருக்குக் கொடுத்தேன் என்று நான் வாக்குமூலம் எழுதிக் கையெழுத்திட வேண்டும்.

கிஷாந்துக்குச் சிங்களம் நல்லாக வரும். உடனே முகம் தெளிந்துவிட்டது.

"அவ்வளவுதானே! மாமி, நீங்கள் யோசிக்காதேங்கோ, எல்லாத்தையும் நானே கட்டுறன். என்னை வெளி ஆள் எண்டே எழுதட்டும். எனக்கு அதில ஒரு பிரச்சினையும் இல்லை."

எவ்வளவு லேசாகச் சொன்னார்! வெளி ஆள் என்று எழுதினால் வெளி ஆளாகிவிடலாம், வீடு கையில் இருந்தால் போதும். டில்ஷானி கடதாசியை என் பக்கம் நகர்த்தினாள். என் மகள் ஒரு வெளி ஆளின் வீட்டில் இருக்கிறாள் என்று நானே எழுதிக் கையெழுத்து வைக்க வேண்டும், அதுவும் அவள் பார்த்துக்கொண்டு நிற்க. பேனாவை எடுத்தேன். வெட்கமில்லாமல் சொல்கிறேன், கையெழுத்துப் போடத்தான் எடுத்தேன். போட்டுவிட்டுப் போய், என் கணவரோடு இருந்து ஆறுதலாக யோசித்து, நல்ல வார்த்தை சொல்லி மருமகனை வழிக்குக் கொண்டுவரலாம் என்று என் மனம் பூசி மெழுகத் தொடங்கிவிட்டது.

"மிஸ்," என்றாள் மிதுனா.

குசினி வாசலை விட்டு அவள் முன்னுக்கு வந்திருந்தாள். என்னைவிட நல்ல சிங்களத்தில் கேட்டாள்: "கதவுகளைத் திரும்ப அம்மாவின் வீட்டுக்கே கொண்டுபோனால் என்ன எழுதுவீங்க?"

டில்ஷானி யோசித்தாள். "மரம் சொந்தக்காரியின் வீட்டில் இருக்கும். வேலைக்காக வேறு இடத்தில் வைத்திருந்ததாக எழுதலாம். போய்ச் சேர்ந்ததை நான் பார்த்தால் சரி. வரி இல்லை."

"பாஸ்," என்று மிதுனா ஜீவராஜிடம் திரும்பினாள். "கழட்டுங்கோ."

"எதைங்க?"

"எல்லாக் கதவையும்."

ஜீவராஜ் என்னைப் பார்த்தார், கிஷாந்தைப் பார்த்தார். "வாசக் கதவு கூடவாங்க? ராவைக்கு எப்பிடிம்மா வீட்டுல இருப்பீங்க?"

"அதை நாங்கள் பாப்பம். கழட்டுங்கோ."

கிஷாந்தின் சிரிப்பு அப்படியே இருந்தது, ஆனால் சத்தம் மட்டும் இறங்கிவிட்டது. "மிதுனா, அறைக்குள்ள வாரும். ஒரு நிமிஷம் கதைப்பம்."

"இஞ்சயே கதையுங்கோ."

"அறைக்குள்ள வாரும் எண்டெல்லோ சொல்லுறன்."

எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது. இவ்வளவு நேரமும் கொதித்துக்கொண்டிருந்த நான் ஓடிப்போய் மகளின் கையைப் பிடித்தேன். "பொறு பிள்ளை. அவசரப்படாத. அப்பாவை ஒருக்காக் கேப்பம். ஒரு கதவுக்காகக் குடும்பத்தைக் குழப்பிறதோ?"

"அம்மா, கையை விடுங்கோ," என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. விட்டேன்.

ஜீவராஜ் திருகாணிகளைக் கழற்றத் தொடங்கினார். குசினிக் கதவு முதலில் வந்தது, பிறகு அறைக் கதவுகள். ஒவ்வொன்றையும் அவரும் எங்களுக்காகக் காத்து நின்ற ஓட்டோக்காரரும் தூக்கிக்கொண்டுபோய் முற்றத்து மதிலில் சாய்த்தார்கள். தெரிந்த சின்ன லொறிக்காரர் ஒருவருக்கு ஜீவராஜ் போன் எடுத்துச் சொன்னார். டில்ஷானி கேற்றடியில் குடையை விரித்துக்கொண்டு நின்றாள். வீட்டுக்குள் நிற்க அவளுக்குக் கூச்சமாக இருந்திருக்க வேண்டும். கடைசியாக வாசல் கதவு. அதன் இரண்டு பாதிகளும் பிணைச்சலை விட்டு வந்ததும் ஒழுங்கையின் வெயில் விறாந்தையைத் தாண்டி வீட்டின் நடுவுக்கு வந்துவிட்டது. எதிர்வீட்டு ஷபீகா உடுப்புக் காயப்போட்டபடி நின்றாள். அங்கிருந்து பார்த்தால் எங்கள் தேத்தண்ணிக் கோப்பைகள் கூடத் தெரியும்.

லொறி வந்தது. கதவுகளை ஏற்றினார்கள்.

"நீயும் வெளிக்கிடு," என்றேன் மகளிடம். "உடுப்பை எடு. எங்களோட வந்து இரு."

"நான் ஏன் வாறது? என்ர பிளாட்டை வித்து வாங்கின வீடு இது. நான் ஒரு இடமும் போகேல்ல."

"கதவு இல்லாத வீட்டில எப்பிடியடி இருக்கிறது?"

அவள் உள்ளே போனாள். சாப்பாட்டு மேசையிலிருந்து இரண்டு கதிரைகளை எடுத்துவந்து, வாசலுக்கு நேரே, ஒழுங்கையிலிருந்து பார்த்தால் தெரியும்படி போட்டாள். ஒன்றில் தான் உட்கார்ந்தாள். மற்றதைப் புருஷனுக்குக் காட்டினாள்.

"இருங்கோ கிஷாந்த். என்ர பெயரைப் பற்றிக் கதைப்பம்."

"உமக்கு விசரே? ஆக்கள் பாக்கினம்!"

"ஓம், பாக்கினம். அறைக்குள்ள கூட்டிக்கொண்டுபோய்க் கதவைச் சாத்திப்போட்டு நீங்கள் எப்பிடிக் கத்தினாலும் வெளியில ஒருத்தருக்கும் கேக்கேல்ல. நல்ல தேக்கு." அவள் அழவில்லை. "இண்டைக்கு மெல்லமாக் கதையுங்கோ."

நான் வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டேன். அந்தக் கதவுகளுக்குப் பின்னால் என் பிள்ளை எத்தனை முறை நின்றிருப்பாள்! என் காணி, என் மரம், என் கையெழுத்து. லொறிக்காரர் ஹோர்ன் அடித்தார். நான் அசையவில்லை.

கிஷாந்த் ஒழுங்கையைப் பார்த்தார். ஷபீகா ஈர உடுப்பைக் கையில் வைத்தபடி, வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு, இந்தப் பக்கமே பார்த்து நின்றாள். அவர் கதிரையை மெதுவாக இழுத்து, சத்தம் வராமல் உட்கார்ந்தார்.